மேடைக்குப் பின்னால் வேலை கேட்கும் பாண்டுப் தங்கைகளுக்கு

பாண்டுப் ஸ்டேஷன் ரோட்டுப் பார்லர்களிலும், தெம்பிபாடா, துள்ஷேத்பாடா மேட்டுச் சந்துகளில் வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டும் மேக்கப் வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும்,

உங்களில் சிலர் கொஞ்ச நாளாக என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். “அக்கா, ஃபேஷன் ஷோவில் மேக்கப் ஆர்டிஸ்டுக்கு அசிஸ்டன்டாகப் போகணும். யாருக்கு எழுதணும், என்ன எழுதணும்?” ஒருத்திக்குச் சொன்னதை இன்னொருத்திக்கும் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பி அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தம்பிகள் யாராவது படித்தாலும் சரிதான், அவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பியுங்கள். ஆனால் ரசிகையாகப் போகாதீர்கள், தொழில் தெரிந்தவளாகப் போங்கள். மாடலைப் பார்க்கலாம், டிசைனரோடு படம் எடுத்துக்கொள்ளலாம், இன்ஸ்டாகிராமில் போடலாம் என்கிற ஆசை வயதுக்கு இயல்புதான், குறை சொல்லவில்லை. அந்த ஆசையோடு வருகிறவளை லீட் ஆர்டிஸ்ட் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த ஷோவுக்குக் கூப்பிட மாட்டார்.

அங்கே நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டு போவது நல்லது. ஷோ ராத்திரி எட்டு மணிக்கு என்றால் உங்களை மத்தியானமே வரச் சொல்லிவிடுவார்கள். டிசைனரோடு பேசி முடிவு செய்த லுக்கை லீட் ஆர்டிஸ்ட் ஒரு மாடலுக்குப் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்க வேண்டும். புருவம் எவ்வளவு, உதட்டுக்கு என்ன ஷேட், பளபளப்பு எங்கே தெரியலாம் எங்கே தெரியக் கூடாது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முகம் வரைந்த தாள் ஒன்று கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு நாற்காலி. பதினைந்து, இருபது முகமும் ஒரே கை போட்டது போல வர வேண்டும். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட்டுப் பழகியவர்கள் திணறுவது இங்கேதான். முகூர்த்தத்துக்கு நம் கைவண்ணம் தெரிந்தால் பெருமை. ஷோவில் உங்கள் கை தெரிந்தாலே தப்பு. “நான் கொஞ்சம் காஜல் கூட்டினேன், அழகாக இருந்ததே” என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அதுவும் முதல் தடவை போகிறவளுக்கு முகமே கிடைக்காது. மேசை விரிப்பது, பொருள்களை வரிசையாக அடுக்குவது, பிரஷ் கழுவுவது, மாடலின் கால்களுக்கும் கைகளுக்கும் கிரீம் தடவுவது, பழைய நெயில் பாலிஷை எடுப்பது, இவைதான் கிடைக்கும். ஃபேஷன் வீக் நாட்களில் ஒரு மாடல் ஒரே நாளில் இரண்டு மூன்று ஷோ நடப்பாள். முந்தின ஷோவின் ஜிகினாவோடும் பசையோடும் ஓடி வந்து உட்காருவாள். அதைத் தோல் சிவக்காமல் சுத்தமாக எடுத்துக் கொடுப்பது பெரிய வேலை. நன்றாகச் செய்யத் தெரிந்தவள் அரிது. அதே நேரத்தில் தலைக்கு மேல் ஹேர் ஆர்டிஸ்ட் முடியை இழுத்துக்கொண்டிருப்பார், கீழே ஒருவர் செருப்பு மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தக் கூட்டத்துக்கு நடுவே கை நடுங்காமல் நிற்க வேண்டும். கடைசியில் லைன்-அப். மாடல்கள் வரிசையில் நிற்கும்போது பவுடரும் டிஷ்யூவும் லிப்ஸ்டிக்கும் பிடித்துக்கொண்டு வரிசை ஓரமாக நடந்து நெற்றி வியர்வையை ஒற்றி எடுப்பது. ராம்ப்பில் என்ன நடந்தது என்று பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. மேளச் சத்தம் மட்டும் கேட்கும்.

சுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லீட் ஆர்டிஸ்டின் கண் முதலில் போவது உங்கள் திறமைக்கு இல்லை, உங்கள் பைக்கு. நம் பார்லர்களில் ஒரே காஜல் பென்சில் மணப்பெண், நாத்தனார், அத்தை, வாண்டுப் பிள்ளை என்று வரிசையாக எல்லார் கண்ணுக்கும் போகும். பிரஷ்ஷில் பவுடர் கூடிவிட்டால் வாயால் ஊதுவோம். லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் வைப்போம். இந்த மூன்றில் ஒன்றைச் செய்தாலும் அன்றைக்கே உங்கள் கதை முடிந்தது. லிப்ஸ்டிக்கையும் பவுண்டேஷனையும் சின்ன ஸ்பாட்டுலாவால் சுரண்டி ஸ்டீல் தட்டில் எடுத்து, அதிலிருந்து பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். மஸ்காரா குச்சி ஒரு முகத்துக்கு ஒன்று, திரும்பக் குப்பியில் போகக் கூடாது. காஜல் பென்சிலை ஒவ்வொரு முகத்துக்கும் சீவி, ஆல்கஹால் தெளித்துத் துடைக்க வேண்டும். பிரஷ்ஷுக்கு எழுபது சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தட்டாக்கி அதில் கலப்பவர்கள் பெரிய பெரிய ஆர்டிஸ்டுகளிலும் உண்டு. அவர்கள் செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள். இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகாது. கண்ணில் கட்டி வந்து ஒரு மாடல் அடுத்த நாள் ஷோவை இழந்தால் ஆகும் செலவுதான் அதிகம்.

முதல் தடவை பிரஷ் கழுவத்தான் கிடைக்கும் என்றேன். இந்தத் தொழிலில் இப்படிப் படிக்கட்டு வைப்பது பழைய விஷயம். எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். அந்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் மேக்கப் அறையைப் பற்றி ஒரு சிரிப்பான பகுதி உண்டு. கதாநாயகனுக்கும் நாயகிக்கும் தலைமை மேக்கப்காரர்தான் போடுவார். இரண்டாம் நாயகனுக்கு சீனியர் அசிஸ்டன்ட், நகைச்சுவை நடிகருக்கு ஜூனியர் அசிஸ்டன்ட், இப்படியே இறங்கி இறங்கி, கும்பல் காட்சிக்கு வந்தவர்களுக்கு ஆபீஸ் பையன். அவன் பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கரைத்து வைத்துக்கொண்டு வரிசையாக அப்பிவிடுவான். பையன் என்று பெயரே தவிர நாற்பது வயசு ஆள். நடிகனாகும் கனவோடு வந்து அங்கேயே தங்கிவிட்டவன். துறைக்குத் தலைவராக முதலில் ஒரு வங்காளி, அவருக்குப் பின் ஒரு மராட்டியர். உள்ளூர்த் தமிழர்கள் பட்டியலின் கடைசியில் வருவார்கள். நம் ஊரிலேயே நமக்குக் கடைசி இடம்தான் என்று அதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். ஆண்களின் உலகம் அது.

அந்த ஆண்களின் உலகம் மும்பையில் 2014 வரைக்கும் விதி போட்டே நடந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தி சினிமாவில் வேலை செய்ய யூனியன் கார்டு வேண்டும். இங்கே உள்ள சினி காஸ்ட்யூம், மேக்கப் ஆர்டிஸ்ட், ஹேர் டிரஸ்ஸர் சங்கம் ஆண்களுக்கு மேக்கப் கார்டு கொடுத்தது, பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டு மட்டும்தான். முடி கட்டலாம், முகத்தைத் தொடக் கூடாது. சாரு குரானா அமெரிக்காவில் போய் மேக்கப் படித்துவிட்டு வந்தவர். 2009இல் மேக்கப் கார்டு கேட்டார், கிடைக்கவில்லை. பெண்களை விட்டால் ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பதுதான் சங்கத்துப் பக்கத்து நியாயம். அவரும் இன்னும் சிலரும் 2013இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். விசாரணையின்போது, நாம் இருப்பது 2014இல், 1935இல் இல்லை என்று நீதிபதிகள் சொன்னது அப்போது பத்திரிகைகளில் வந்தது. 2014 நவம்பர் 10ஆம் தேதி நீதிபதி தீபக் மிஸ்ராவும் நீதிபதி யு.யு.லலித்தும் அந்த விதியை அடித்துப் போட்டார்கள். மனுதாரர்களை நான்கு வாரத்துக்குள் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், பெண் மேக்கப் ஆர்டிஸ்டுகளை யாரும் தொல்லை செய்யாமல் போலீஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பில் இருக்கிறது.

இன்னொன்றும் அந்தத் தீர்ப்பில் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. மகாராஷ்டிராவில் ஐந்து வருடம் குடியிருந்தவர்களுக்குத்தான் உறுப்பினர் தகுதி என்று சங்கத்தில் ஒரு விதி இருந்தது. அதுவும் செல்லாது என்று ஆனது. பெண் என்றும் தள்ளலாம், வெளியூர்க்காரி என்றும் தள்ளலாம் என்று இருந்த இரண்டு தாழ்ப்பாளும் ஒரே நாளில் கழன்றன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்து ஆறு மாதம்கூட ஆகாமல் பாண்டுப் பார்லரில் கை பழகுகிற பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃபேஷன் ஷோவுக்கு அப்படி ஒரு கார்டு இல்லை. அங்கே நடப்பது பழக்கத்தில். யாருக்கு யாரைத் தெரியும், யார் இங்கிலீஷில் சரளமாகப் பேசுகிறாள், யார் ஒரு வருடம் சம்பளம் இல்லாமல் தாக்குப் பிடிப்பாள் என்பதில். எழுதி வைத்த விதியாக இருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், எழுதாத விதிக்கு நாம்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். என் கையில் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன்.

லாக்மே ஃபேஷன் வீக்கை மட்டும் குறி வைக்காதீர்கள். அது 2000இல் தொடங்கியது. 2021 முதல் இந்திய ஃபேஷன் டிசைன் கவுன்சிலோடு (எப்.டி.சி.ஐ.) சேர்ந்து நடக்கிறது. மார்ச் மாதத்துக்கு மும்பை, அக்டோபருக்கு டெல்லி என்று பழக்கமாகிவிட்டது. சமீப வருடங்களில் மும்பை ஷோக்கள் பெரும்பாலும் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் என்கிற பி.கே.சி.யில்தான். அங்கே லீட் ஆர்டிஸ்டுகள் தெரியாத கையை நம்ப மாட்டார்கள். அதற்குக் கீழே எத்தனையோ மேடைகள் இருக்கின்றன. நம் வீட்டிலிருந்து ஆட்டோ தூரத்தில் பவாய் ஐ.ஐ.டி. டிசம்பரில் அங்கே மூட் இண்டிகோ நடக்கும். ஆகஸ்டில் சேவியர்ஸ் கல்லூரியில் மல்ஹார். மும்பைக் கல்லூரிகளில் ஃபேஷன் ஷோ டீம் என்று பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பயிற்சி எடுப்பார்கள். அவர்களுக்கு மேக்கப்புக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடுவார்கள். கார்கர் நிஃப்டிலும், ஜூஹூ எஸ்.என்.டி.டி.யிலும், மாட்டுங்காவில் ஃபேஷன் படிப்பு சொல்லிக்கொடுக்கும் கல்லூரியிலும் கடைசி வருடப் பிள்ளைகள் தாங்கள் தைத்த உடைகளை மேடையேற்ற வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கும் பணம் கிடையாது, உங்களுக்கும் படம் தேவை. அந்தப் படங்கள்தான் பிறகு லீட் ஆர்டிஸ்டுக்கு அனுப்பும் படங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஏனென்றால் இதில் இரண்டு பக்கமும் சமம்.

படங்கள் ஆறு போதும். அறுபது அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஃபில்டர் போட்ட படம் ஒன்றைக் கண்டால்கூட மற்ற ஐந்தையும் நம்ப மாட்டார்கள். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கம் நிறுத்தி, முகம் முழுதாக ஒன்று, கண் மூடி ஒன்று, தோல் தெரிகிற கிட்டத்துப் படம் ஒன்று. அதில் வேறு வேறு நிறத்துப் பெண்கள் இருக்கட்டும். கல்யாண மேக்கப் ஒன்று போதும். நகை, ஜடை, மாலையெல்லாம் பார்த்தால் முகத்தில் என்ன செய்தீர்கள் என்று தெரியாது. மேக்கப்பே போடாத மாதிரித் தெரிகிற முகம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும், ஷோவில் அதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

என்ன எழுதுவது என்று கேட்டீர்கள். பக்கம் பக்கமாக எழுதாதீர்கள். சின்ன வயதிலிருந்து மேக்கப் என்றால் உயிர், அம்மாவின் பொட்டை எடுத்து வைத்துக்கொள்வேன் என்பதெல்லாம் வேண்டாம். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும், இங்கிலீஷில் போடத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்:

“வணக்கம். என் பெயர் இன்னது, பாண்டுப்பில் இருக்கிறேன். மூன்று வருடமாக பார்லரிலும் கல்யாண மேக்கப்பிலும் வேலை செய்கிறேன், இரண்டு கல்லூரி ஷோக்களில் வேலை செய்திருக்கிறேன். மார்ச் மாத ஷோக்களுக்கு உங்கள் குழுவில் அசிஸ்டன்ட் தேவைப்பட்டால் வர விரும்புகிறேன். மார்ச்சில் எல்லா நாளும் மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து வர முடியும். சொந்த பிரஷ் செட்டும் கிட்டும் இருக்கிறது. மேசை ஒழுங்கு, பிரஷ் சுத்தம், ஸ்கின் பிரெப், பேஸ், டச்-அப் செய்வேன். ஐலாஷ் ஒட்டுவதில் இன்னும் வேகம் வரவில்லை. தமிழ், இந்தி, மராத்தி பேசுவேன். ஆறு படங்கள் இணைத்திருக்கிறேன்.” கீழே கைபேசி எண்.

ஐலாஷ் வரியைப் பார்த்து ஏன் நம்மை நாமே தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். எல்லாம் தெரியும் என்று நூறு பேர் எழுதுகிற இடத்தில், தெரியாததைச் சொல்கிறவளின் மற்ற வரிகளை நம்புவார்கள். அவளுக்கு எந்த வேலையைக் கொடுப்பது என்றும் லீட் ஆர்டிஸ்டுக்கு உடனே தெரிந்துவிடும். ஆர்டிஸ்டுக்கு நேராக எழுதுவதோடு அவருடைய முதல் அசிஸ்டன்ட் யாரென்று பார்த்து அவருக்கும் எழுதுங்கள். ஆள் சேர்ப்பது பல நேரம் அவர்தான். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம். இங்கிலீஷ் வராது என்று கூச்சப்படாதீர்கள். பேக்ஸ்டேஜில் பாதிப் பேச்சு இந்தி, கால்வாசி சைகை.

நம்மிடம் இருக்கிற ஒரு சொத்தைப் பற்றி நீங்களே பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். கறுத்த முகத்துக்கு பேஸ் போடத் தெரிந்த கை உங்களுடையது. நம் வீட்டுப் பெண்கள், பக்கத்து வீட்டு அக்கா, மாமியார் முகம் என்று பழகியே கற்றுக்கொண்டிருக்கிறீர்கள். நிறைய கோர்ஸ் முடித்து வருகிறவர்கள் கறுப்பு முகத்தைப் பார்த்ததும் இரண்டு ஷேட் தூக்கிப் போடுவார்கள், விளக்கு விழுந்ததும் முகம் சாம்பல் பூத்துக் கழுத்து தனியாக நிற்கும். கண்ணுக்குக் கீழே உள்ள கருமைக்கு நேராக கன்சீலர் வைத்தால் சாம்பல் நிறம்தான் வரும், முதலில் ஆரஞ்சு கரெக்டர் வைத்து அந்த நீலத்தை அடக்க வேண்டும் என்று உங்களுக்குக் கை சொல்லும். தாடை ஓரத்தில் இரண்டு ஷேடை வைத்துப் பார்த்து, கழுத்தோடும் மார்போடும் சேர்கிறதா என்று கவனித்துக் கலப்பீர்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் கடைக்கு வந்து, 2020இல்தான் பெயரிலிருந்த ஃபேரை எடுத்தது. ரிஹானாவின் ஃபென்டி 2017இல் நாற்பது ஷேடோடு வந்த பிறகுதான் மற்ற கம்பெனிகளுக்கும் நம் நிறத்துக்கு ஒரு குப்பி வேண்டும் என்ற நினைப்பு வலுத்தது. அதுவரை நாம் கையில் இருந்த நாலு ஷேடைக் கலந்துதான் ஒப்பேற்றினோம். இந்தியாவின் சுவர்களுக்கெல்லாம் நிறம் கலந்த ஏசியன் பெயிண்ட்ஸ் தொழிற்சாலை இதே பாண்டுப்பில்தான் இருந்தது, நிறம் கலப்பது இந்த ஊருக்குப் புதுசு இல்லை. ராம்ப்பில் இப்போது கறுத்த மாடல்கள் கூடியிருக்கிறார்கள். உங்கள் ஆறு படத்தில் இரண்டாவது அப்படிப்பட்ட முகமாக இருக்கட்டும். இதை அடக்கமாக ஒளித்து வைக்கிற விஷயமாக நினைக்காதீர்கள்.

இனி காசு. அசிஸ்டன்ட் வேலைக்குப் பல இடத்தில் சம்பளம் தர மாட்டார்கள். “அனுபவம் கிடைக்கும், சர்ட்டிஃபிகேட் கிடைக்கும், பெயர் வரும்” என்பார்கள். முதல் ஒன்றிரண்டு ஷோவுக்கு அது சரி. யாருக்கும் யாரையும் தெரியாது, அவர்களும் உங்களைப் பார்க்க வேண்டும், நீங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும். அதைத் தாண்டியும் இலவசம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பாந்த்ராவில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிற பெண் ஒரு வருடம் சும்மா வேலை செய்வாள், அவளுக்குச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. நீங்கள் ஒரு நாள் ஷோவுக்குப் போனால் பார்லரில் அன்றைய கூலி போய்விடும், முகூர்த்த நாளாக இருந்தால் ஒரு கல்யாணமே போய்விடும். இலவச வேலை என்பது வசதி உள்ளவர்கள் மட்டும் பாஸாகிற பரீட்சை. திறமையைத் தேர்ந்தெடுக்க அதைவிட மோசமான வழி எனக்குத் தெரியாது. லீட் ஆர்டிஸ்டுகள் யாராவது இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

முதல் ஷோவிலும் மூன்று விஷயத்தை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் செய்தியே போதும்: வண்டிச் செலவு, சாப்பாடு, ஷோ படங்களில் உங்கள் பெயர். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயப்படுவீர்கள். ஒழுங்கான குழு இதற்கு முகம் சுளிக்காது. சுளிக்கிற குழுவில் ராத்திரி பதினொரு மணிக்கு மாட்டிக்கொள்வதைவிட முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது. இரண்டாவது ஷோவிலிருந்து நாள் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். குறைவாகச் சொன்னால் பேசலாம், சொல்லவே மறுத்தால் போகாதீர்கள்.

உங்களிடம் காசு கேட்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டு, யூனிஃபார்முக்குக் கட்டு, கட்டினால் ஃபேஷன் வீக்கில் சேர்த்துவிடுகிறேன் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். வேலை செய்கிறவள் காசு கொடுத்து வேலை வாங்குகிற தொழில் இது கிடையாது. லட்சக்கணக்கில் கேட்கிற கோர்ஸில் சேரும் முன் அங்கே படித்து முடித்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, பேக்ஸ்டேஜில் என்ன வேலை கொடுத்தார்கள் என்று கேளுங்கள். நகையை அடகு வைத்துச் சேர்ந்துவிட்டு, ஷோவில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். எந்த இடம் என்று எழுத மாட்டேன்.

இப்போது வீட்டில் எழும் கேள்வி. “ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என்ன வேலைட்டி?” இந்தக் கேள்வியில்தான் நம் பிள்ளைகள் பாதிப் பேரின் விண்ணப்பம் அனுப்பும் முன்பே செத்துப் போகிறது. உங்கள் அம்மாக்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். எல்.பி.எஸ். ரோட்டில் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்த ஊர் ஆண்கள் நைட் ஷிப்ட் போனார்கள். விடிகாலையில் திரும்பி வந்தார்கள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த மேட்டில் கோலி வீடுகள் எழுந்தன. அந்த ராத்திரிகளைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. தொழிற்சாலை இருந்த இடங்களில் இப்போது மாலும் டவரும் நிற்கின்றன. இன்றைக்கு ராத்திரி வேலை என்பது இந்த மாதிரி வேலைதான், அதற்குப் பெண் போகிறாள்.

ஆனால் பயம் பொய் இல்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். போகும்போது கஷ்டம் இல்லை. மத்தியான ஸ்லோ வண்டியில் குர்லா போய், மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோ பிடித்தால் பி.கே.சி. டிராலியோடு லேடீஸ் பெட்டியில் உட்காரக்கூட இடம் கிடைக்கும். திரும்பும்போது ராத்திரி லேடீஸ் பெட்டியில் போலீஸ்காரர் இருப்பார், குர்லாவிலிருந்து பாண்டுப் வரை பரவாயில்லை. அதற்குப் பிறகுதான் சிக்கல். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நின்றுவிட்டிருக்கும், மேட்டுக்கு ஏறுகிற இருட்டுச் சந்து பாக்கி இருக்கும். அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டருக்கு ஏற்பாடு இல்லாமல் ஷோவுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சட்டம் இதற்குக் கொஞ்சம் துணை வரும். மகாராஷ்டிராவின் 2017 கடைகள், நிறுவனங்கள் சட்டம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் வேலை செய்கிற இடங்களுக்கு ஒன்று சொல்கிறது. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் காலை ஏழு மணி வரை பெண்களை வேலை வாங்க வேண்டுமானால் அவர்களுடைய சம்மதம் வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வீட்டு வாசல் வரை கொண்டு விட வண்டி வேண்டும். ஒரு நாளுக்கு வருகிற அசிஸ்டன்ட் எங்கள் ஊழியர் இல்லை என்று வாதாடுவார்கள், தெரிந்ததுதான். இருந்தாலும் “ஒன்பதரைக்கு மேல் ஆனால் வீடு வரை வண்டி உண்டா?” என்று கேட்கிற உரிமை உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கட்டும். ஒரே பகுதிக்குத் திரும்புகிற மூன்று பேர் சேர்ந்து கேட்டால் ஒரு கேப் போட்டுத் தருவார்கள். முலுண்ட், காஞ்சூர்மார்க், விக்ரோலிப் பெண்கள் யாராவது குழுவில் இருப்பார்கள், முதல் நாளே அவர்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டத்தில் வாதாட இடமே இல்லை. பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்குகிறவளை மட்டும் சொல்லவில்லை. சம்பளம் இல்லாமல் வருகிறவள், பயிற்சிக்கு வருகிறவள், ஒரு நாள் கூலிக்கு வருகிறவள், ஏஜென்ட் மூலம் வந்தவள் எல்லாருமே அதற்குள் வருவார்கள். சர்ட்டிஃபிகேட்டுக்காகச் சும்மா வேலை செய்கிறாய், நீ யார் புகார் கொடுக்க என்று யாரும் கேட்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்கிறது, அங்கே போகலாம். மாடல்கள் உடை மாற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் வேலை செய்யப் போகிறீர்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் போன் பைக்குள் இருக்கட்டும். உங்கள் பின்னால் யார் சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் செல்ஃபி எடுப்பது அவர்களுக்கு நீங்கள் செய்கிற தொல்லை. ஷோ முடியும் முன் லுக்கை வெளியே விடுவதும் கூடாது, டிசைனர் அதை மன்னிக்க மாட்டார்.

கறுப்புச் சட்டை, கறுப்பு பேண்ட், நடக்கச் சுகமான ஷூ, வெட்டின நகம், மல்லிகைப்பூவும் செண்டும் இல்லாத உடம்பு. பையில் பிஸ்கட்டும் தண்ணீரும், சாப்பாடு வரும் என்று சொன்னால்கூட. மாதவிலக்கு நாளாக இருந்தால் ஒளிக்காமல் பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் சொல்லிவைத்து மாற்றி மாற்றி வேலை பார்த்துக்கொள்ளுங்கள், எட்டு மணி நேரம் உட்கார இடம் இருக்காது.

மார்ச் ஷோவுக்குப் போக நினைக்கிறவர்கள் பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டாம். மார்கழியில் முகூர்த்தம் இல்லை, கை சும்மாதான் இருக்கும். அந்த மாதத்தில் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, பொங்கல் முடிந்த வாரமே அனுப்பிவிடுங்கள். அனுப்பும் முன் யாராவது ஒருத்தி என்னிடம் காட்டினால் ஐலாஷ் வரியை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா,
பாண்டுப் மேற்கு